தங்கம் இறங்கும்போது சுரங்கப் பங்குகள்: எதைப் பார்த்து வைத்திருப்பது, எதைப் பார்த்து விற்பது?

வெள்ளிமலை77 கேட்டது:

கையில் இருப்பவை: ஜி.டி.எக்ஸ். (பெரிய தங்கச் சுரங்கப் பங்குகளைக் கூடையாக வைத்திருக்கும் ஈ.டி.எஃப்., அதாவது சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் நிதி) பெரும்பகுதி, அதில் பாதியளவுக்கு ஒரு பெரிய கனடா நிறுவனம், கொஞ்சமாக, தங்கம் தேடும் இரண்டு சிறு ஆய்வு நிறுவனங்கள். எல்லாம் எல்.ஆர்.எஸ். என்ற ரிசர்வ் வங்கித் திட்டத்தின் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பிய பணத்தில் வாங்கியவை, கடன் எதுவும் இல்லை. தங்கம் 4% இறங்கினால் இவை 10% இறங்குகின்றன. சிறு நிறுவனங்கள் இரண்டும் அதற்கும் மேல்.

"நீண்ட காலத்தில் தங்கம் ஏறத்தான் செய்யும், பொறுத்திருங்கள்" என்ற பதில் எனக்குப் பயன்படாது. தங்கம் 20–30% இறங்கும் என்றே வைத்துக்கொள்வோம். எந்தப் பங்கு தாக்குப்பிடிக்கும், எது பிடிக்காது என்பதை முன்கூட்டியே எந்த எண்களைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? இறங்க இறங்க வாங்கி ஆவரேஜ் செய்யலாமா? ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆணை) போட்டுவைத்தால் போதுமா?


சுரங்கக்கணக்கு எழுதியது:

அந்த 4-க்கு 10 எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றது தானாகப் புரியும். ஒரு அவுன்ஸ் 2,000 டாலருக்கு விற்கிறது, எடுக்க ஆகும் முழுச்செலவு 1,400 என்றால் மிச்சம் 600. தங்கம் 15% இறங்கி 1,700 ஆனால் மிச்சம் 300, அதாவது பாதி. செலவு 1,000-ஆக உள்ள சுரங்கத்துக்கு அதே இறக்கத்தில் மிச்சம் 1,000-லிருந்து 700, இழப்பு 30% மட்டுமே. செலவு 1,650 உள்ளவருக்கு 350 என்பது 50 ஆகிவிடும். தங்கம் ஒன்றுதான், இறக்கம் ஒன்றுதான், ஆனால் மூன்று நிறுவனங்களும் மூன்று வேறு இடத்தில் போய் நிற்கின்றன. ஆகவே "சுரங்கப் பங்குகளை வைத்திருக்கலாமா" என்று மொத்தமாகக் கேட்டால் விடை வராது. ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும்.

அடுத்து, இறக்கத்தில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

முதல் வகை, எல்லாரும் பணத்துக்காக ஓடும் இறக்கம். 2008 மார்ச்சில் தங்கம் 1,000 டாலரைத் தாண்டியது, அக்டோபரில் 700-க்கும் கீழே போனது. ஜி.டி.எக்ஸ். 56 டாலர் அளவிலிருந்து 16 வரை விழுந்தது. 2020 மார்ச்சிலும் இதே கதை: பிப்ரவரி இறுதியில் 31 அருகே இருந்தது மூன்று வாரத்தில் 16-ஐத் தொட்டது. தங்கம் அப்போது 12% அளவுக்குத்தான் இறங்கியது. கடனில் வாங்கி மார்ஜின் (ஈட்டுப் பணம்) கட்ட வேண்டியவர்கள் கிடைத்ததையெல்லாம் விற்றார்கள், அவ்வளவுதான். இந்த வகையில் சுரங்கத்தின் தொழில் கெடுவதில்லை. சொல்லப்போனால் டீசல் விலையும் சேர்ந்து இறங்குவதால் செலவு குறையும். 2020-இல் ஏப்ரல் நடுவிலேயே விலை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. 2008-இல் விழுந்தது 2009 முடிவதற்குள் பெருமளவு மீண்டது.

இரண்டாம் வகை 2011 முதல் 2015 வரை நடந்தது. தங்கம் 1,900-லிருந்து 1,050 அளவுக்கு நான்கு ஆண்டு தேய்ந்தது, 45%. ஜி.டி.எக்ஸ். 66-லிருந்து 2016 ஜனவரியில் 12.50 அருகே, 80%-க்கும் மேல். 80% விழுந்தது பழைய இடத்துக்கு வர ஐந்து மடங்காக வேண்டும். டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால் ஜி.டி.எக்ஸ். அந்த 2011 உச்சத்தைத் தாண்டியது 2025 செப்டம்பரில்தான். தங்கமோ 2020-லேயே தாண்டிவிட்டது. இடைப்பட்ட வித்தியாசம் முழுக்கப் புதுப் பங்கு வெளியீடு, தப்பான விலைக்கு வாங்கிய சுரங்கங்கள், ஏறிய செலவு ஆகியவற்றில் கரைந்தது.

ரூபாயில் பார்த்தால் வலி கொஞ்சம் குறையும், ஆனால் தீராது. 2011 செப்டம்பரில் டாலர் 47 ரூபாய் அளவில், 2016 ஜனவரியில் 67 அளவில். அந்தக் கணக்கில் தங்கத்தின் இழப்பு சுமார் 20%-ஆகச் சுருங்குகிறது. ஜி.டி.எக்ஸ். இழப்பு அப்போதும் 70%-க்கு மேல். நம் ஊரில் நகை, நாணயம் வைத்திருப்பவர்கள் 2013-ஐ அவ்வளவாக நினைவில் வைத்திராததற்கு இதுவே காரணம். சுரங்கப் பங்கில் ரூபாய் அந்த அளவுக்குக் காப்பாற்றாது.

எந்த வகை என்று எப்படி அறிவது? வங்கிப் பங்கு, கச்சா எண்ணெய், செம்பு, தங்கம் எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்து விழுந்தால் பெரும்பாலும் முதல் வகை. பங்குச்சந்தை ஏறிக்கொண்டிருக்க, தங்கம் மட்டும் மாதக்கணக்கில் தேய்ந்தால் இரண்டாம் வகையாகக் கருதி நடப்பது நல்லது. இன்னொரு அறிகுறி: ஜி.டி.எக்ஸ். விலையைத் தங்க விலையால் வகுத்துப் பாருங்கள். 2011 ஏப்ரலில் தங்கம் 1,550 அளவில் இருந்தபோதே ஜி.டி.எக்ஸ். 60-ஐத் தாண்டியிருந்தது. செப்டம்பரில் தங்கம் 1,900 ஆனபோது ஜி.டி.எக்ஸ். சில டாலர்தான் கூடியிருந்தது. அதாவது தங்கம் உச்சம் போவதற்கு முன்பே சுரங்கங்கள் பின்தங்க ஆரம்பித்துவிட்டன.


அடிமட்டத்தாது எழுதியது:

மேலே சொன்னது சரி. நான் நிறுவன அறிக்கையில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்பதைச் சொல்கிறேன்.

உற்பத்தியில் இருக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏ.ஐ.எஸ்.சி. என்று ஓர் எண் தரும், ஓர் அவுன்ஸ் எடுக்க ஆகும் மொத்தச் செலவு என்று பொருள். உலகத் தங்கக் கவுன்சில் 2013 ஜூனில் கொண்டுவந்த முறை அது. அதற்கு முன் சொன்ன "ரொக்கச் செலவு" இன்னும் மோசமாக மூடி மறைக்கும், ஆகவே இது முன்னேற்றம்தான். ஆனால் இதிலும் வருமான வரி கிடையாது, கடன் வட்டி கிடையாது, புதுச் சுரங்கம் கட்டும் செலவு கிடையாது. கூடவே வரும் செம்பு, வெள்ளி விற்ற பணத்தைக் கழித்துக் காட்டும் நிறுவனங்களும் உண்டு. செம்பும் தங்கமும் சேர்ந்து இறங்கினால், பாறையில் ஒரு மாற்றமும் இல்லாமலேயே அந்த ஏ.ஐ.எஸ்.சி. ஏறிவிடும்.

அதனால் அதை நம்பி நிற்காமல் கணக்கை நீட்டுங்கள். கற்பனையாக ஒரு நிறுவனம்: ஆண்டுக்கு 5 லட்சம் அவுன்ஸ், ஏ.ஐ.எஸ்.சி. 1,500, தங்கம் 2,000. கையில் வருவது 25 கோடி டாலர். வட்டி 3 கோடி, வரி 6 கோடி, கட்டிக்கொண்டிருக்கும் சுரங்கத்துக்கு 12 கோடி. மிச்சம் 4 கோடி. அறிக்கையில் அழகாகத்தான் இருக்கும். இப்போது தங்கத்தை 1,700-ஆக வைத்துப் போடுங்கள். வருவது 10 கோடி. வரி ஒன்றரைக் கோடியாகக் குறையும், வட்டி குறையாது, பாதி கட்டிய சுரங்கத்தை நிறுத்துவதும் எளிதல்ல. 10-லிருந்து பதினாறரைக் கோடி போனால் ஆண்டுக்கு ஆறரைக் கோடி பள்ளம். கையிருப்பு 9 கோடி, இரண்டு ஆண்டில் 30 கோடி டாலர் கடன் பத்திரம் முதிர்கிறது என்றால், அந்த நிறுவனம் அடிமட்ட விலையில் புதுப் பங்கு விற்கத்தான் போகிறது. பங்கு விலை அதை முன்கூட்டியே கணித்து விழும்.

தேட வேண்டிய வரிகள்: நிகரக் கடன், இன்னும் எடுக்காத வங்கிக் கடன் வரம்பு, எந்த ஆண்டில் எவ்வளவு முதிர்கிறது, கடன் இயக்க லாபத்தைப் போல் எத்தனை மடங்குக்குள் இருக்க வேண்டும் என்று வங்கி வைத்த நிபந்தனை. கடைசி ஒன்றைப் பலர் பார்ப்பதில்லை. கடன் ஒரு பைசா கூடாமலேயே லாபம் பாதியானால் அந்த மடங்கு இரட்டிப்பாகிவிடும், வங்கி கதவைத் தட்டும். கனடா நிறுவனங்களுக்கு செடார் பிளஸ் தளத்திலும், அமெரிக்காவில் பட்டியலிட்டவற்றுக்கு எட்கர் தளத்திலும் காலாண்டு அறிக்கை இலவசமாகவே கிடைக்கும்.

உதாரணத்துக்கு பேரிக் என்ற பெரிய கனடா தங்கச் சுரங்க நிறுவனத்தைப் பாருங்கள். 2011-இல் தங்கம் உச்சத்தில் இருந்தபோது கடன் வாங்கி ஈக்வினாக்ஸ் என்ற செம்பு நிறுவனத்தை 730 கோடி கனடா டாலருக்கு வாங்கினார்கள். சிலி–அர்ஜென்டினா எல்லையில் பாஸ்குவா லாமா சுரங்கத்தின் செலவு ஏறிக்கொண்டே போனது. 2013 ஏப்ரலில் தங்கம் சரிந்ததும் இரண்டும் சேர்ந்து கழுத்தைப் பிடித்தன. காலாண்டு டிவிடெண்ட் 20 சென்டிலிருந்து 5 சென்ட். ஒரே காலாண்டில் சொத்து மதிப்பில் 870 கோடி டாலரைக் குறைத்து எழுதினார்கள். அந்த ஆண்டு இறுதியில் 18.35 டாலருக்கு 300 கோடி டாலர் அளவுக்குப் புதுப் பங்கு. 2015-இல் ஆஸ்திரேலியாவின் கோவல் சுரங்கத்தை 55 கோடி டாலருக்கு எவல்யூஷன் என்ற நிறுவனத்துக்கு விற்றார்கள், பாப்புவா நியூகினியின் போர்கெராவில் பாதியை சீனாவின் ஜிஜினுக்கு விற்றார்கள். 2011-இல் 55 டாலர் வரை போன பங்கு 2015 செப்டம்பரில் 6 டாலரை ஒட்டி வந்தது. நிறுவனம் பிழைத்தது, பிறகு நன்றாகவும் நடந்தது. ஆனால் நல்ல சொத்துகள் அடிமட்ட விலையில் கைமாறிவிட்டன, பங்கு எண்ணிக்கை கூடிவிட்டது. தங்கம் திரும்பி வந்தாலும் பழைய பங்குதாரருக்குப் பழைய பங்கு திரும்பி வருவதில்லை.

அதே காலத்தில் ஆஸ்திரேலிய நிறுவனங்கள் வேறு பாதையில் போயின. அங்கே செலவு ஆஸ்திரேலிய டாலரில், விற்பனை அமெரிக்க டாலரில். அவர்கள் நாணயம் 2014-15-இல் வேகமாக இறங்கியதால், உள்ளூர் நாணயத்தில் தங்கம் அந்த இரண்டு ஆண்டில் இறங்கவே இல்லை எனலாம். நார்தர்ன் ஸ்டார் போன்றவை ஜி.டி.எக்ஸ். தேய்ந்துகொண்டிருந்த அதே மாதங்களில் ஏறின. ஆக, சுரங்கம் எந்த நாட்டில், சம்பளம் எந்த நாணயத்தில் என்பது முக்கியமான எண்.

இன்னொன்று, செலவைக் குறைத்துவிட்டோம் என்று நிறுவனம் சொன்னால் எப்படிக் குறைத்தார்கள் என்று பாருங்கள். மேல்மண் அகற்றுவதைத் தள்ளிப்போட்டால் இந்த ஆண்டு ஏ.ஐ.எஸ்.சி. இறங்கும், இரண்டு ஆண்டு கழித்துத் தாது இருக்கும் இடத்துக்கு வழி இருக்காது. செறிவு அதிகமான தாதுவை மட்டும் முதலில் பொறுக்கி எடுத்தாலும் இப்படியே. ஒரு டன்னுக்கு எத்தனை கிராம் எடுத்தார்கள் என்பதையும், இன்னும் எடுக்காத தாது இருப்பின் சராசரி எத்தனை கிராம் என்பதையும் ஒப்பிடுங்கள். எடுப்பது சராசரியைவிட நிறைய மேலே இருந்தால் எதிர்காலத்தைத் தின்கிறார்கள். இருப்பை எந்த விலையில் கணக்கிட்டார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். பேரிக் 2012-இல் 1,500 டாலர் விலையில் 14 கோடி அவுன்ஸ் காட்டியது. அடுத்த ஆண்டு 1,100-ல் கணக்கிட்டபோது 10.4 கோடி அவுன்ஸ் ஆனது.


ஒன்றேகால்_பவுன் எழுதியது:

இரண்டு பேருமே பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். கேட்டவரிடம் உடனடி ஆபத்தில் இருப்பது அந்த இரண்டு சிறு நிறுவனங்கள். அவற்றுக்கு ஏ.ஐ.எஸ்.சி.யே கிடையாது, ஏனென்றால் வருமானம் கிடையாது. பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள்: கையிருப்பு, காலாண்டுச் செலவு. 80 லட்சம் டாலர் வைத்துக்கொண்டு காலாண்டுக்கு 20 லட்சம் செலவழித்தால் ஆயுள் ஓராண்டு. ஆனால் யாரும் கடைசிப் பைசா வரை காத்திருப்பதில்லை, ஆறு மாதம் மிச்சம் இருக்கும்போதே பங்கு விற்க வருவார்கள்.

கனடாவில் அது எப்படி நடக்கும் என்றால், சந்தை விலைக்குக் கீழே தனியார் ஒதுக்கீடு (சிலருக்கு மட்டும் புதுப் பங்கு விற்பது), ஒவ்வொரு பங்கோடும் அரை வாரன்ட்டோ முழு வாரன்ட்டோ (பிறகு குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) இலவசம். வாங்கியவர்கள் நான்கு மாதம் விற்க முடியாது. நான்கு மாதம் முடிந்த வாரத்தில் பங்கை விற்றுவிட்டு வாரன்ட்டை மட்டும் வைத்துக்கொள்வார்கள், அது அவர்களுக்கு ஓசி. அந்தத் தேதியைக் குறித்துவைத்தால், காரணமே இல்லாமல் பங்கு விழுகிறதே என்று குழம்ப வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் பங்குதாரரைக் கேட்காமலேயே 12 மாதத்தில் 15% வரை புதுப் பங்கு விற்கலாம்.

நவம்பர், டிசம்பர் மாதங்களில் கனடாக்காரர்கள் வரிக்கணக்குக்காக நஷ்டப் பங்கை விற்பார்கள். தினசரி வர்த்தகம் சொற்பமாக உள்ள சிறு பங்குகள் அப்போது அநியாயமாக விழும். விற்பதாக இருந்தால் அதற்கு முன்பே விற்றுவிடுங்கள்.

சிறு நிறுவனத்தில் ஆவரேஜ் செய்வது பற்றி என் கருத்து: கூடாது, விதிவிலக்கே வேண்டாம். சிறு சுரங்க நிறுவனங்களுக்கான ஈ.டி.எஃப். ஆன ஜி.டி.எக்ஸ்.ஜே. 2010-11 உச்சத்திலிருந்து 2016 ஜனவரிக்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. நடுவில் 2013-இல் நான்கு யூனிட்டை ஒன்றாக்கியதால் பழைய விளக்கப்படம் பார்ப்பவர்கள் ஏமாறுவதும் உண்டு. அது கூடை. தனிப் பங்குகளில் பல திரும்பி வரவேயில்லை. உற்பத்தியில் இருந்த நிறுவனத்துக்குக்கூட இதுதான் கதி: நெவாடாவில் ஹைக்ராஃப்ட் சுரங்கத்தைக் கடனில் விரிவாக்கிய அலைட் நெவாடா 2015 மார்ச்சில் திவால் மனு போட்டது. அடிமட்டத்துக்குப் பத்து மாதம் முன்னால். தங்கம் பிறகு ஏறும் என்று அதன் பங்குதாரர் நம்பியது சரிதான், ஆனால் அதுவரை பங்கு இருக்கவில்லை.

அதே சமயம் ஒன்றில் சுரங்கக்கணக்குடன் ஒத்துப்போக முடியவில்லை. இறக்கம் எந்த வகை என்று நடக்கும்போது தெரியாது. 2008 அக்டோபரில் அது இரண்டாம் வகை போலத்தான் தெரிந்தது. ஆகவே வகை பார்த்து விற்பதைவிட, எந்த வகையானாலும் சாகாத நிறுவனங்களை மட்டும் வைத்திருப்பதே நடைமுறை.


சுரங்கக்கணக்கு எழுதியது:

நியாயம். நடுவில் தெரியாது என்பது உண்மை. ஆனால் ஜி.டி.எக்ஸ். வைத்திருப்பவரால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க முடியாதே. அவருக்கு வகை பற்றிய யூகம் தேவைப்படுகிறது. அது வேண்டாம் என்றால் அளவைக் குறைக்க வேண்டும்: 80% விழுந்தாலும் மொத்தச் சொத்தில் 4%-க்கு மேல் போகக் கூடாது என்று நினைத்தால், சுரங்கப் பங்கு மொத்தம் 5%-க்குள்.


வெள்ளிமலை77 எழுதியது:

மிகவும் பயனுள்ள தகவல்கள், எல்லோருக்கும் நன்றி. கணக்குப் போட்டதில் பெரிய நிறுவனம் தேறுகிறது: தங்கம் 30% இறங்கினாலும் பள்ளம் இல்லை, மூன்று ஆண்டுக்குக் கடன் முதிர்வும் இல்லை. சிறு நிறுவனங்களில் ஒன்றுக்குக் கையிருப்பு இரண்டு காலாண்டுக்குத்தான். ஸ்டாப் லாஸ், ஆவரேஜ் பற்றி யாராவது சொல்லுங்கள். ராயல்டி நிறுவனத்துக்கு மாறலாமா என்றும் ஒரு யோசனை. 2 மடங்கு ஈ.டி.எஃப். பற்றியும் ஒருவர் சொன்னார்.


அடிமட்டத்தாது எழுதியது:

இரண்டு காலாண்டு உள்ளதை அடுத்த ஒதுக்கீடு வருவதற்கு முன் விற்கலாம். திரும்ப வேண்டுமென்றால் ஒதுக்கீடு முடிந்து நான்கு மாதம் கழித்துப் பாருங்கள், பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும்.

ஸ்டாப் லாஸ்: தங்கம் ஏறக்குறைய நாள் முழுக்க வர்த்தகமாகிறது, நியூயார்க் பங்குச்சந்தை நம் நேரம் கோடையில் இரவு 7 மணிக்கும் குளிர்காலத்தில் 8 மணிக்கும்தான் திறக்கும். அதற்குள் லண்டனில் தங்கம் விழுந்திருந்தால் பங்கு நேராகக் கீழே திறக்கும். 2013 ஏப்ரல் 12 வெள்ளியன்று தங்கம் 1,500-ஐ உடைத்தது, 15 திங்களன்று 1,350 அளவுக்கு வந்தது. 5% கீழே ஸ்டாப் வைத்திருந்தாலும், பங்கு அதற்கும் கீழே திறந்தால் 5%-ல் விற்காது, திறந்த விலையில்தான் விற்கும். அதில் லிமிட் விலையும் (இதற்குக் கீழே விற்காதே என்ற எல்லை) சேர்த்தால் விற்காமலேயே போகும் அபாயம் உண்டு. தங்கம் ஏறும்போதும் காலாண்டு முடிவு நாளில் இந்தப் பள்ளம் வரும். 2024 அக்டோபரில் தங்கம் உச்சத்தில் இருந்தபோதே நியூமான்ட் என்ற பெரிய தங்கச் சுரங்க நிறுவனத்தின் பங்கு, செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியதால் ஒரே நாளில் சுமார் 15% விழுந்தது. அதனால் பெரிய நிறுவனத்துக்கு விலை ஸ்டாப்பைவிட எண் ஸ்டாப் நல்லது: ஏ.ஐ.எஸ்.சி. ஆண்டு மதிப்பீட்டின் மேல் எல்லையைத் தாண்டினால், அல்லது கடன் வாங்கி இன்னொரு நிறுவனத்தை வாங்கினால் வெளியே.

ஆவரேஜ் செய்வதாக இருந்தால் பணத்தை மூன்றாகப் பிரித்து, காலாண்டு அறிக்கை வந்த பிறகு மட்டும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். 10% இறங்கியது, வாங்கு என்ற விதி வைத்தால், 80% இறக்கத்தில் பாதி வழி போவதற்குள்ளேயே பணம் தீர்ந்துவிடும்.

ராயல்டி நிறுவனங்கள் தேவலை. ஃபிராங்கோ நெவாடா போன்றவை சுரங்கத்தின் விற்பனையில் பங்கு வாங்குபவை, டீசலும் சம்பளமும் அவர்கள் தலையில் விழாது. இறக்கத்தில்தான் அவர்களுக்கு வியாபாரம்: பேரிக் 2015-இல் பணத்துக்குத் தவித்தபோது ராயல் கோல்டு என்ற இன்னொரு ராயல்டி நிறுவனம் 61 கோடி டாலர் கொடுத்து அதன் புவெப்லோ வியேஹோ சுரங்க உற்பத்தியில் பங்கு வாங்கியது. ஆனால் விலை எப்போதும் உசத்தி, ஒரே சுரங்கத்தைச் சார்ந்திருக்கும் ஆபத்தும் உண்டு. 2023 இறுதியில் பனாமா நீதிமன்றத் தீர்ப்பால் கோப்ரே பனாமா செம்புச் சுரங்கம் மூடப்பட்டபோது ஃபிராங்கோ தன் மிகப்பெரிய வருமானத்தை இழந்தது.

2 மடங்கு ஈ.டி.எஃப்.: அது தினசரி ஏற்ற இறக்கத்தில் மட்டும் இரண்டு மடங்கு. 100-லிருந்து இன்று 10% இறங்கி நாளை 10% ஏறினால் சாதா ஈ.டி.எஃப். 99-ல் நிற்கும், அது 96-ல் நிற்கும். ஆட்டம் அதிகமான துறையில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் தங்கம் அசையாமலேயே கரையும். 2020 மார்ச் வரை அவை 3 மடங்காக இருந்தன, அந்தச் சரிவுக்குப் பிறகுதான் 2 ஆக்கினார்கள்.


ஒன்றேகால்_பவுன் எழுதியது:

வரி பற்றிக் கொஞ்சம், விற்பதற்கு முன். வெளிநாட்டுப் பங்கு 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகாலம், 12.5%. அதற்குள் என்றால் உங்கள் வருமான வரி விகிதம். குறுகியகால நஷ்டத்தை இரண்டு வகை மூலதன லாபத்திலும் கழிக்கலாம், நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும்தான். ஆகவே வாங்கி 22, 23 மாதமாகி நஷ்டத்தில் இருக்கும் பங்கை விற்பதென்றால் 24 முடிவதற்குள் விற்பது லாபம். மீதி நஷ்டத்தை 8 ஆண்டு எடுத்துச்செல்லலாம், ஆனால் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருக்க வேண்டும்.

நஷ்டத்தை ரூபாயில்தான் பார்ப்பார்கள். டாலரில் 5% நஷ்டம், இடையில் ரூபாய் 8% இறங்கியது என்றால் உங்களுக்கு அது லாபம், வரி உண்டு.

விற்ற டாலரை அடுத்த வாய்ப்புக்காக புரோக்கர் கணக்கிலேயே போட்டுவைக்க நினைத்தால், 180 நாளுக்குள் மறுமுதலீடு செய்ய வேண்டும் அல்லது இந்தியாவுக்குத் திருப்ப வேண்டும். எல்.ஆர்.எஸ். பணத்தை வெளிநாட்டு மார்ஜினுக்கு அனுப்பவும் அனுமதி இல்லை. வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்.ஏ.வில் காட்டுவது நிதியாண்டுக் கணக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரை. நடு ஆண்டில் விற்றுவிட்ட பங்கையும் அதில் காட்ட வேண்டும்.